காலையில் இறங்கும் வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஒரு டவுன் டிப்போவில் நான் கண்டக்டராக இருந்தேன். டவுனின் பெயர் வேண்டாம். அங்கே என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாதவனுக்கு, மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய ரூட்தான் கிடைக்கும். அப்படி எனக்குக் கிடைத்தது புதூர்நாடு வண்டி.

எனக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து ஆரணிக்கும் ஆரணியிலிருந்து வேலூருக்கும் வண்டிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரு மலை முழுவதற்கும் ஒரே வண்டி என்பது என்னவென்று எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின.

அந்த வண்டிக்கு ஒரு நாளில் நாலு நடை, ஏற இரண்டு, இறங்க இரண்டு. காலை ஏழரைக்கு டவுனில் எடுத்தால் ஒன்பதரைக்குப் புதூர்நாடு. பத்து மணிக்குத் திரும்பிப் பன்னிரண்டுக்கு டவுன். மறுபடி மூன்று மணிக்கு மேலே ஏறும், ஐந்தேகாலுக்குக் கீழே இறங்கும். காலையில் ஏறும்போது வண்டி நிறைந்திருக்கும். வாத்தியார்கள், டீச்சர்கள், வனத்துறை ஆட்கள், கிராம நிர்வாகம் பார்ப்பவர்கள். சாயங்காலம் அவர்களே திரும்புவார்கள். இடையில் பத்து மணிக்கு இறங்கும் நடையிலும் மூன்று மணிக்கு ஏறும் நடையிலும் நானும் டிரைவரும் மட்டும் வந்த நாட்கள் உண்டு. மலைக்காரர்கள் ஜீப்பில் போனார்கள், இல்லையென்றால் நடந்தார்கள். பின்கதவில் தொங்கிக்கொண்டும், பானெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டும், ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ண முடியாது. அதைத் தாண்டிக்கொண்டு எங்கள் வண்டி காலியாகப் போகும். அவர்களுக்கு பஸ் பழக்கமில்லை என்று டிப்போவில் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன்.

டிரைவர் வாணியம்பாடிக்காரர். எல்லோருக்கும் பாய். எனக்கும் பாய்தான். டிப்போவுக்கு வருவதற்கு முன்னால் பல வருடம் தோல் மண்டி லாரி ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் ஸ்டியரிங் பிடிக்கும்போது பேசமாட்டார். வளைவு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவார்.

ஒரு நாள் பத்து மணி நடையில் ஒரு பெண்ணும் அவள் கணவனும் ஏறினார்கள். அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். சாமையும் கொஞ்சம் புளியமரமும் வைத்திருப்பவர்கள். அவன் பாதத்தில் முள் ஏறி, பழுத்து, கால் கணுக்கால்வரை வீங்கியிருந்தது. துணியைச் சுற்றியிருந்தார்கள். அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டே அவன் ஏறினான். அங்கிருந்து அந்தக் காலோடு எப்படி வந்தார்கள் என்று கேட்டேன்.

"விடிய முன்னாடி கெளம்பினோம், தம்பி. குந்திக் குந்தி வந்தோம்" என்றாள்.

டவுனில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன். அன்று மூன்று மணி நடையில் அவர்கள் வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, குழாயடிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாக்கா, இங்கியே இருக்கீங்க?"

"நேத்து நாங்க போறதுக்குள்ள சீட்டு குடுக்கறது நின்னுபோச்சாம். காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. எங்க போறது? இங்கியே படுத்துகினோம்."

அன்று மூன்று மணிக்கு ஏறினார்கள். அவன் காலில் புதுக் கட்டு வெள்ளையாக இருந்தது. ஊசி போட்டார்களாம். நல்லதுதானே என்றேன். அவள் சிரித்தாள். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாத்தணுமாம். ஒரு கட்டுக்கு ரெண்டு நாளு. நாங்க எப்ப வூட்டுல இருக்கறது, எப்ப வர்றது?"

அவர்கள் அதற்குப் பிறகு வரவில்லை. எனக்கும் மறந்துவிட்டது. சில வாரங்கள் கழித்து அவள் மட்டும் புதூர்நாட்டில் கடை ஓரமாக நின்றிருந்தாள். புருஷனுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு வெரல் போய்ட்டுது" என்றாள், எதையோ விலைக்குக் கொடுத்துவிட்டதைச் சொல்வதுபோல. "கோல் ஊனிகினு நடக்கறாரு. ஏர் புடிக்க முடியாது."

 வண்டிதான் தினமும் வருகிறதே, வந்திருக்கலாமே என்பதுபோல் ஏதோ சொன்னேன்.

"உங்க வண்டி நல்ல வண்டிதான், தம்பி. ஆனா எங்களுக்கு எதிர்ல வருது. நாங்க எறங்கணும்னா அது ஏறுது. நாங்க ஏறணும்னா அது எறங்குது. அது ஆபீசருங்க வண்டி."

அவள் கோபப்படவில்லை. அதனால்தான் என்னவோ அந்தப் பேச்சு என்னை விடவில்லை. கீழே இறங்கும்போது காலி வண்டியில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பாயிடம் சொன்னேன். இரண்டு வளைவுகள் அவர் பேசவில்லை. பிறகு, "அந்தம்மா சொல்றது சரிதானே" என்றார். "சந்தைக்குப் புளி கொண்டாரணும்னா காலைல எட்டுக்குள்ள கொண்டாரணும். ஆஸ்பத்திரியும் காலைலதான். கோர்ட்டு, தாலுக்கா ஆபீசு, எல்லாம் காலைலதான். நம்ம வண்டி ராத்திரி கீழ தூங்குது. அது மேல தூங்கணும், தம்பி. அப்பத்தான் காலைல கீழ எறங்கும்."

"மேல யாரு தங்குவாங்க, பாய்?"

"வண்டி தங்கினா நாமதான் தங்கணும். வேற யாரு?"

அவருக்கு லாரியிலேயே படுத்துப் பழக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். இருந்தாலும் அன்று சாயங்காலமே கிளை மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் மேசைக்கு மலை என்பது ஒரு தாளாகத்தான் வந்து சேரும். நடைக்கு எத்தனை டிக்கெட் என்று நாங்கள் எழுதும் டிரிப் ஷீட்டுகளை எடுத்து என் முன்னால் போட்டார்.

"பாருய்யா. நாலு நடையில ரெண்டு நடை காத்து அடிச்சிகினு ஓடுது. மலைக்காரங்களுக்கு பஸ் பழக்கமே இல்ல. இந்த ரூட்டையே நிறுத்திடலாமான்னு மேலேருந்து கேட்டுகினு இருக்காங்க. நீ இன்னாடான்னா ராத்தங்கல் போடச் சொல்ற."

"ஆள் இருக்காங்க, சார். அவங்களுக்கு ஆவற நேரத்துல வண்டி இல்ல."

"நைட்டு அங்க படுக்க எடம் இருக்குதா? காலைல அந்தக் குளுருல வண்டி ஸ்டார்ட் ஆவுமா? டீசலுக்கு யாரு காவல்? எந்த டிரைவர் ஒத்துக்குவான்?"

பாய் வாசலிலேயே நின்றிருந்தார். "நான் ஒத்துக்கறேன், சார்" என்றார்.

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நிறுத்தப்போகிற ரூட்தான் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். ஒரே வண்டிதான், ஆகவே காலையில் ஏறும் நடை கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலே போய்த் தங்கவேண்டும், விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கவேண்டும், பகலில் அதே வண்டி வாணியம்பாடிக்கு ஓடும். தை மாதம் பொங்கல் கழிந்த மறுவாரத்திலிருந்து என்று முடிவாயிற்று.

அதற்கு முன்னால் வந்த வார விடுமுறையில் நானும் பாயும் புதூர்நாட்டுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசினோம். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"அஞ்சே முக்காலுன்னா எப்ப, சாமி?"

விடியற்காலை என்றேன்.

"அது தெரியுது. அஞ்சே முக்காலுன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? இங்க கடியாரம் வாத்தியாருகிட்டத்தான் கீது. அவரும் கீழ போய்டறாரு."

நான் யோசிக்காத விஷயம் இது. நேரத்தை எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்று நினைத்து, கையில் ஒரு அட்டைகூட எழுதிக்கொண்டு போயிருந்தேன். பாய்தான் சொன்னார். "ஆரன் அடிக்கறேங்க. அஞ்சு மணிக்கு ஒரு தடவ, நீளமா. அப்ப எழுந்திரிங்க. அஞ்சரைக்கு ரெண்டு தடவ. அப்ப கெளம்பிடுங்க. எடுக்கறப்ப மூணு தடவ. மூணு கேட்டா ஓடியாங்க, நிக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தெனமும் அடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"தெனமும்" என்றார் பாய்.

பழைய நேரத்தின் கடைசி நாள் மாலை, கீழே இறங்கும்போது ஒரு டீச்சர் என்னிடம் வந்தார். இரண்டு வருடமாக அந்த வண்டியிலேயே போய் வருபவர். சில்லறை சரியாக வைத்திருப்பார், ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டு திருத்துவார், அதிகம் பேசமாட்டார். காலை வண்டியை நிறுத்தக் கூடாது என்று மற்ற வாத்தியார்கள் மேலாளரிடம் மனு கொடுத்திருந்தார்கள். இவர் கையெழுத்துப் போடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நாளைலேர்ந்து காலைல வண்டி இல்லையாண்ணா?"

"இல்லைங்க, டீச்சர்."

"எனக்கு எட்டு மாசக் கொழந்த இருக்குது. பால் குடிக்கற கொழந்த. காலைல அம்மாகிட்ட விட்டுட்டு வந்து சாயங்காலம் போய்த்தான் பால் குடுக்கறேன். நான் மேல வூடு எடுத்துத் தங்கினா கொழந்தைய இன்னா பண்றது? ஜீப்ல தொங்கிகினு வரணுமா?"

அவரும் கோபமாகக் கேட்கவில்லை. மலைக்காரர்களுக்கு எங்கள் வண்டி எதிர்த்திசையில் வந்ததுபோல, இனி இவருக்கு வரப்போகிறது. அதை நான்தான் செய்திருக்கிறேன். கால் வீங்கின கதையை அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒருத்தர் கஷ்டத்தை இன்னொருத்தர் கஷ்டத்தை வைத்து மூடுவது சரியாகப் படவில்லை. "இன்னொரு வண்டி கேக்கறோம், டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். அப்படி நாங்கள் அதுவரை யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

எங்களுக்குப் படுக்க உரக் குடோனில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். யூரியா வாசம். தைக் குளிர் தரையிலிருந்து ஏறி வந்தது. முதல் விடியற்காலை பாய் நாலரைக்கே எழுந்து, வண்டிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துத் தொழுதுவிட்டு, ஐந்துக்கு ஆரனை அடித்தார். அந்தச் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. நாய்கள் குரைத்தன. எங்கோ ஒரு குழந்தை அழுதது.

ஐந்தே முக்காலுக்குப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். அதில் பயணம் போக வந்தவர்கள் நாலு பேர். மற்றவர்கள் வண்டி நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். பாய் சாவியைத் திருப்பினார். செல்ஃப் எடுக்கவில்லை. இன்னொரு தடவை. ஒரு முனகல், அவ்வளவுதான். மேலாளர் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

"இன்னா பாத்துகினு நிக்கறீங்க? தள்ளுங்க!" என்றார் பாய்.

பதினைந்து பேரும் நானுமாகத் தள்ளினோம். போர்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர்ப் பெரியவரும் தள்ளினார். சரிவில் வண்டி உருண்டு, பாய் கியரில் போட்டதும் உதறிக்கொண்டு பிடித்தது. ஒருவன் கைதட்டினான். அன்றிலிருந்து பாய் ராத்திரி வண்டியைச் சரிவில் மூக்கை வைத்துத்தான் நிறுத்துவார், பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்து.

முதல் வாரம் நாலு பேர், ஆறு பேர். இரண்டாவது வாரத்தில் சந்தை நாளன்று உட்கார இடமில்லை. மாசி பிறந்து புளி உலுக்கத் தொடங்கியதும் வண்டியின் கூரையில் கூடைக்கு மேல் கூடை. புளிப்பு வாசம் சீட்டில், சட்டையில், என் டிக்கெட் கட்டில்கூட ஏறிக்கொண்டது. காலையில் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, மருந்து வாங்கி, மிச்ச நேரத்தில் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கி, சாயங்காலம் ஐந்து மணி வண்டியில் வீட்டுக்குத் திரும்பினார்கள். பஸ் ஸ்டாண்டுக் குழாயடியில் யாரும் சாக்கு விரிக்கவில்லை. பெண்கள் அதிகமாக வந்தார்கள். ஜீப்பில் ஆண்களின் மடியில் இடித்துக்கொண்டு வர வேண்டாம் அல்லவா. மாதம் முடிந்ததும் மேலாளர் டிரிப் ஷீட்டைப் பார்த்தார்.  வண்டியை நிறுத்தவில்லை.

பங்குனியில் ஒரு சந்தை நாள். பகலில் வாணியம்பாடிக்கு ஓடிவிட்டு நாலு மணிக்கு வண்டி டிப்போவுக்குள் வந்தபோது கியர் பாக்ஸில் சத்தம். மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஆகாது என்றார். ஸ்பேர் வண்டி கேட்டேன். இரண்டு ஸ்பேரும் வெளியே போயிருந்தன. டைம் கீப்பர் மலை நடைக்கு நேரே கேன்சல் என்று எழுதி வைத்தார். அப்படி எழுதுவது டிப்போவில் யாருக்கும் பெரிய விஷயமில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முப்பது நாற்பது பேர் கூடைகளோடு காத்திருந்தார்கள். அந்தப் பெண்ணும் இருந்தாள். வண்டி இல்லை என்று சொன்னதும் யாரும் சத்தம் போடவில்லை. சிலர் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்க இடம் பார்க்கத் தொடங்கினார்கள். அவள் மட்டும் என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னிக்கி இல்ல. அப்ப நாளைக்கி?"

"நாளைக்கு வந்துடும்க்கா. ரிப்பேர்."

"நாளைக்கி வரும்னு நீ சொல்ற. இன்னிக்கும் வரும்னுதான நாங்க எறங்கி வந்தோம்? வூட்டுல அந்தாளு தனியா கீறாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட அவரால ஆவாது. தம்பி, ஒரு நாளு வராதுன்னா, எந்த நாளு வராதோன்னு தெனமும் பயந்துகினு வரணும். அதுக்கு ஜீப்பே தேவல."

அப்போது பக்கத்து நடைமேடையில் வாணியம்பாடி வண்டி ஒன்று கிளம்பியது. அதன் பின்னாலேயே இன்னொரு வாணியம்பாடி வண்டி வந்து நின்றது. கால் மணிக்கு ஒன்று அந்த ரூட்டில். அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ ஒன்று தோன்றியது. தோன்றியது என்பதைவிட, பொறுக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

"எல்லாரும் என்கூட வாங்க" என்றேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து டிப்போ பத்து நிமிஷ நடை. கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக என் பின்னால் வந்தார்கள். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் கேட்டைச் சாத்தப் போனார். வண்டிக்குக் கீழேயிருந்து எழுந்து வந்த பாய் கேட்டைப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் டீசல் கறைத் தரையில் அவர்கள் கூடைகளை இறக்கி உட்கார்ந்தார்கள். கோஷம் இல்லை, ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்தார்கள்.

மேலாளர் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. "இன்னாய்யா இது? யாரு இவங்கள உள்ள வுட்டது?"

"நான்தான், சார். பாசஞ்சருங்க, சார். மலை வண்டிக்கு."

"வண்டி பிரேக் டவுன்யா. உனக்குத் தெரியாதா? ஸ்பேர் இல்ல. நான் இன்னா ஆகாசத்துலேர்ந்தா கொண்டாரட்டும்?"

"வாணியம்பாடி வண்டி ஒண்ணு குடுங்க, சார்."

"ரூட் வண்டியக் கேக்கறியா? அங்க ஜனம் இல்லையா?"

"இருக்காங்க, சார். அங்க ஒரு வண்டி போகலன்னா கால் மணி நேரம் நிப்பாங்க. அடுத்தது வரும். இவங்களுக்கு அடுத்ததுன்னு ஒண்ணு கிடையாது, சார். இவங்களுக்கு அடுத்தது நாளைக்கு."

 அவர் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். மலையை அவர் தாளில் மட்டுமே பார்த்தவர் என்று சொன்னேன் அல்லவா. அன்று அது அவருடைய முற்றத்துக்கு வந்திருந்தது. ஒரு கூடையிலிருந்து புளியங்கொட்டைகள் சிந்தியிருந்தன. அந்தப் பெண் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இவங்க எல்லாரும் இன்னிக்கு நம்ம வண்டியிலயா எறங்கினாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க, சார். இதுக்கு மேலயும் எறங்கினாங்க. மீதிப் பேர் ஜீப் தேடிப் போய்ட்டாங்க."

உள்ளே போய் டைம் கீப்பரிடம் ஏதோ சொன்னார். ஐந்தே முக்காலுக்கு வாணியம்பாடி போர்டு போட்ட வண்டி ஒன்று டிப்போவுக்குள் வந்தது. போர்டை மாற்ற நேரமில்லை. அதே போர்டோடு மலை ஏறினோம். கூடைகளைக் கூரையில் ஏற்ற டிப்போ ஆட்களும் கைகொடுத்தார்கள்.

மறுநாள் எனக்கு இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று மெமோ. அனுமதியில்லாமல் வெளியாட்களைப் பணிமனைக்குள் அழைத்து வந்ததற்கு விளக்கம் கேட்டு. இன்னொன்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டிய உத்தரவு. மலை வண்டியின் சாயங்கால நடையை எக்காரணம் கொண்டும் ரத்து செய்யக் கூடாது, வண்டி பழுதானால் வாணியம்பாடி ரூட்டிலிருந்து ஒன்றை எடுத்து அனுப்ப வேண்டும், அந்த வண்டியைத் தினமும் பகலில் ஒருமுறை மெக்கானிக் பார்க்க வேண்டும் என்று. இரண்டிலும் கையெழுத்து அவருடையதுதான். மெமோவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அந்த வருடத்து இன்கிரிமெண்ட் எனக்குத் தள்ளிப்போயிற்று. வீட்டில் மனைவி ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அவளையும் குறை சொல்ல முடியாது. வாரத்தில் ஐந்து ராத்திரி மலையில் இருக்கும் புருஷன், வந்த சம்பளத்தையும் குறைத்துக்கொண்டு வந்தால் யார்தான் பேசுவார்கள்?

அந்த உத்தரவுக்குப் பிறகு சாயங்கால வண்டி தவறவில்லை. ஐந்துக்கு ஆரன் அடித்தால் எந்தச் சரிவில் எந்த வீட்டில் முதலில் விளக்கு வரும் என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஜீப்காரர்களுக்கு எங்கள் மேல் வருத்தம் இருந்தது. அவர்களில் ஒருவன், முப்பது வயதிருக்கும், கடன் வாங்கி ஜீப் எடுத்தவன், ஒருநாள் வண்டிக்குக் குறுக்கே ஜீப்பை நிறுத்திவிட்டான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து இறங்கினேன்.

"எங்க வயித்துல அடிச்சிட்டீங்க, கண்டக்டரே" என்றான்.

பாய் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "ஏம்பா, நீ ஏன் டவுனுக்கு ஓட்டற? நெல்லிவாசல்லேர்ந்து ஜனம் நடு ராத்திரியே எழுந்து கரடிக்கு பயந்து பந்தம் புடிச்சிகினு இங்க நடந்து வருது. அங்க பஸ் போவாது. நீ போ. அஞ்சரைக்குள்ள அவங்களக் கொண்டாந்து என் வண்டியில வுடு. சாயங்காலம் நான் எறக்கறேன், நீ கூட்டிகினு போ."

அவன் ஜீப்பை ஒதுக்கினான். ஒரு வாரம் கழித்து ஐந்தேகாலுக்கு மேட்டுப் பாதையில் இரண்டு விளக்குகள் வந்தன. அவன்தான். பின்னால் பன்னிரண்டு பேர். மழைக்காலத்தில் பாதை அறுந்துபோகும் நாட்களைத் தவிர அதற்குப் பிறகு அவன் வந்துகொண்டிருந்தான். அவனுக்காக பாய் சில நாள் ஐந்து பத்து நிமிஷம் நிற்பார். டிரிப் ஷீட்டில் நான் ஐந்தே முக்கால் என்றே எழுதுவேன்.

முள் ஏறியவனை நான் மறுபடி பார்த்தது அந்த ஜீப்பில்தான். டவுனில் மகளுக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று இறங்கி, கோலை ஊன்றி எங்கள் வண்டியில் ஏறினான். வண்டி ஒரு வருடம் முன்னால் இந்த நேரத்தில் ஓடியிருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் அப்படி நினைத்த மாதிரி தெரியவில்லை. ஜன்னலோரம் இடம் கேட்டான்.

அடுத்த வருடம் மேலாளரே எழுதி இன்னொரு வண்டி வாங்கினார். பழைய ஏழரை மணி நடை திரும்ப வந்தது. அதில் முதல் நாள் போன கண்டக்டரிடம், அந்த டீச்சர் வந்தாரா என்று கேட்டேன். டீச்சர் கோடை விடுமுறையிலேயே சமவெளிப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார். அதுவரை மூன்று நான்கு மாதம் ஜீப்பில் வந்தாராம். குழந்தைக்குப் பால் சீக்கிரமே மறக்கடிக்க வேண்டியதாயிற்று என்று இன்னொரு டீச்சர் சொன்னார். நல்ல டீச்சர், பிள்ளைகள் அழுதன என்றும் சொன்னார். இரண்டாவது வண்டியை முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று தோன்றும். கேட்டிருந்தால் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது என்றும் தோன்றும். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பாய் ஓய்வு பெறும்வரை அந்த ரூட்டை விடவில்லை. எனக்கு மூத்த பெண் பிறந்த பிறகு ஆரணிப் பக்கம் மாற்றல் கிடைத்தது. போகும் நாளில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. வண்டியில் கூட்டம், டிக்கெட் கிழிப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

சில வருடம் கழித்து, எண்பதுகளின் கடைசியில், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மலைக்குப் போனேன். சாயங்கால வண்டி. டிரைவரும் கண்டக்டரும் புதியவர்கள். பலாப்பழக் காலம். மறுநாள் காலை பழம் போட்டுக் கீழே கொண்டுவர வெற்றுச் சாக்குகள் சீட்டுக்கடியில் கிடந்தன. சீட் இல்லை. மனைவிக்கு மட்டும் ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். நான் யார் என்று அந்தக் கண்டக்டரிடம் சொல்லிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அவன் விசிலைக் கடித்துக்கொண்டே என் முதுகில் தட்டினான்.

"இன்னா சார் படியிலயே நின்னுகினு? உள்ள போங்க, உள்ள போங்க. பின்னால ஜனம் ஏறணும்."

நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்து நின்றேன்.